திறக்கும் ஞாயிறு

உடல் இளைக்கத் தணிகைவேல் நாக்கில் பொருத்திக்கொண்ட தகடு மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் ருசியைத் திறந்துவிடும். மற்ற நாளெல்லாம் எதைத் தின்றாலும் மண்தான். அப்படியொரு ஞாயிறு காலையில் அவன் அப்பா செத்துப்போனார். பிணம் கிடக்கும் வீட்டில் சாப்பிடக்கூடாது. மேசையில் மட்டன் பிரியாணி ஆவி பறந்துகொண்டிருந்தது.

“ஏசியக் கூட்டி வச்சுட்டு மாமா ரூமைச் சாத்துங்க. சாயங்காலமா எல்லாருக்கும் சொல்லிக்கலாம்,” என்றாள் மனைவி பவித்ரா.

“சுகன்யாவுக்காவது சொல்லணும்டி. அவளையும் பெத்தவரு.”

போனில் சொன்னான். தங்கை அழவில்லை. எதையோ மென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

“ஏண்ணே, ராத்திரி சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கும் இன்னைக்குத்தான திறக்குது.”

“சரி, நான் இன்னும் போனே பண்ணலைன்னு வச்சுக்க.”

பவித்ரா அவன் தட்டில் நல்லி எலும்பைப் போட்டாள். அவன் உறிஞ்சினான்.