பிரிட்ஜ் இல்லாத வீடு

“மெதுவாத் தள்ளு. சத்தம் கேட்டால் ஒழுங்கைச் சனமே கூடிப்போடும்” என்றான் வினோதன். தகர வேலியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வெட்டியிருந்தான். அதற்குள்ளால் அவனும் மனைவி கஜந்தியும் காலை ஏழு மணிக்கு ஒரு பிரிட்ஜைக் கள்ளர்மாதிரித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

களவு ஒன்றுமில்லை, அவர்களுடைய பிரிட்ஜ்தான். ஒன்பது வயது மகள் கீர்த்தனிக்குச் சீனி வருத்தம். தினமும் போடுகிற இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டுமென்று வாங்கிய பழைய பிரிட்ஜ் அது.

அந்த இன்சுலின் வறிய குடும்பங்களுக்கென்று கொடுத்த மருத்துவ அட்டையில்தான் வருகிறது. இப்போது அட்டைக்காரரின் வீடுகளை ஒவ்வொன்றாக வந்து பார்க்கிறார்கள். பிரிட்ஜ் இருந்தால் அது வறிய வீடு இல்லையாம், அட்டை வெட்டாம். மருந்துக்காக வாங்கிய சாமான் மருந்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் புஸ்பராணியின் வீடு. இதே வேலியை அரை அடி தள்ளிப் போட்டதாகச் சண்டைபிடித்து, இரண்டு வருஷமாக இரு வீட்டுக்கும் முகம் கொடுத்துக் கதையில்லை. ஆனால் வேறு யாரிடம் போவது? நேற்றுப் பின்னேரம் கஜந்தி வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போய், தங்கள் வீட்டைப் பார்த்து முடியும்வரை பிரிட்ஜை வைத்திருக்க ஏலுமா என்று கேட்டாள்.

புஸ்பராணி வீங்கின கால்களைக் கதிரையில் தூக்கி வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கொரு ஊசி, அதுவும் அதே அட்டையில்தான்.

“உங்கட வீட்டையும் பாக்க வருவினமே அக்கா?”

“எங்கட வீடு போன கிழமையே பாத்து முடிஞ்சுது. நாளைக்குக் காலமை கொண்டுவந்து வை.”

உள்ளே கொண்டுபோகும்போது பிரிட்ஜ் அவளுடைய வாசல் நிலையில் முட்டியது. கஜந்தி பதறிப்போய்த் தடவிப் பார்த்தாள். காய்ந்த மாவிலை இரண்டு தொங்கியதைத் தவிர அந்த நிலையில் ஒன்றுமில்லை, ஒரு கீறல்கூட விழவில்லை. இன்னொரு சண்டை மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு உத்தியோகத்தர் வந்தார். தன்மையான மனுசன். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சமைக்கிற குசினிக்குள் எட்டிப் பார்த்தார், கையிலிருந்த படிவத்தில் கோடு கோடாகப் போட்டார்.

“பிள்ளையின்ர மருந்தை எங்கை வைக்கிறனீங்கள்?”

“மண்பானையிலை சேர். ஈரத்துணி சுத்தி வைக்கிறனாங்கள்” என்றாள் கஜந்தி.

பிரிட்ஜ் நின்ற மூலையில் நிலம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்ததை அப்போதுதான் அவளே கண்டாள். அவரும் அதைப் பார்த்தமாதிரி இருந்தது. ஆனால் படிவத்தில் அடுத்த கோட்டைப் போட்டார்.

“சரி தங்கச்சி. உங்கட அட்டை நிக்கும்” என்றார். போகும்போது வாசல் நிலையில் ஒரு மஞ்சள் துண்டை ஒட்டினார்.

“இதென்ன சேர்?”

“பாத்து முடிச்ச வீட்டுக்கு ஒட்டுறது, அட்டை நிண்டாலும் வெட்டினாலும்.”

கஜந்தி குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இனி ஒரு வருஷத்துக்குப் பிள்ளைக்கு மருந்து இருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உத்தியோகத்தர் புஸ்பராணியின் படலையைத் திறந்துகொண்டு போனார்.

பார்த்து முடித்த வீட்டுக்கு இவர் ஏன் திரும்பப் போகிறார்? வேலி வெட்டுக்குள்ளால் பார்த்தாள். புஸ்பராணி வாசலில் நின்று, வாங்கோ வாங்கோ என்று கூப்பிட்டு, கையை நீட்டி உள்ளே எதையோ காட்டிக்கொண்டிருந்தாள்.

“சொல்லப் போகுதப்பா மனுசி” என்றாள் கஜந்தி. “ரெண்டு வருஷமா மனசுக்குள்ளை வைச்சிருந்து இப்ப பழி வாங்குது. அதுக்குத்தான் உடன ஓமெண்டது.”

வினோதன் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் குந்திவிட்டான். போய்த் தடுக்கவும் ஏலாது, பிரிட்ஜைத் திருப்பிக் கேட்கவும் ஏலாது. மருந்தும் அந்தப் பிரிட்ஜுக்குள் இருக்க, கீர்த்தனி பள்ளிக்கூடத்தால் வந்து மத்தியான ஊசிக்குக் கையை நீட்டுவாளே என்று கஜந்தி வேலி வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரை மணி நேரத்தால் உத்தியோகத்தர் வெளியே வந்தார். இவர்கள் பக்கம் திரும்பாமலே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று கஜந்தி வேலி வெட்டுக்குள்ளால் பாய்ந்து போனாள். வாசல் நிலையைக் கண்டு நின்றாள். காலையில் வெறுமையாக இருந்த நிலையில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது. பசைகூட இன்னும் காயவில்லை.

புஸ்பராணி கதிரையில் இருந்தாள். மடியிலிருந்து ஈரத்துணியில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இந்தா, பிள்ளையின்ர மருந்து. வாறவர் பிரிட்ஜைத் திறந்து பாத்தாலும் எண்டு முன்னமே எடுத்து வைச்சிட்டன்.”

கஜந்தி அதை வாங்கினாள்.

“அக்கா... பிரிட்ஜ் ஆரின்ர எண்டு அவர் கேக்கேல்லையே?”

“கேட்டவர். என்ர எண்டு சொன்னனான்.”