ஓயாமல் ஓடிய மோட்டார்

மூன்று நாளாகப் பால் திரிந்துபோகவே, ஃபிரிட்ஜைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட முடிவு செய்தாள் கோமளவல்லி.

ஃபிரிட்ஜின் தலையை மூடிக் கிடந்த பூப்போட்ட உறைக்கு வாய் அதிகம். அடியில் இருந்த மோட்டாரைப் பார்த்துக் கத்தியது. “யோவ், நாளைக்கு நம்மைத் தூக்கிட்டுப் போகப்போறாங்க! என்னய்யா வேலை பார்க்கிறே?”

“நிக்காமத்தான் ஓடுறேன் தம்பி. எங்கேயோ குளிர் ஒழுகுது. கூடுதலா ஓடி ஈடுகட்டப் பார்க்கிறேன்” என்றது மோட்டார். அதன் உடம்பு அனலாகக் கொதித்தது.

“சாக்குச் சொல்லாதே, சோம்பேறி!”

உறையையாவது வைத்துக்கொள்வோம் என்று, துவைப்பதற்காக அதை இழுத்தாள் கோமளவல்லி. வரவில்லை. அதன் ஓரத்து லேஸ் கதவிடுக்கில் சிக்கியிருந்தது. பிடுங்கி எடுத்ததும் கதவு டப்பென்று முழுசாக மூடிக்கொண்டது. உறைக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை பால் சில்லென்று இருந்தது. “ஃபிரிட்ஜைத் தர்றதா இல்லைங்க” என்றாள் கோமளவல்லி.

சாமான்காரர் காதை வைத்துப் பார்த்தார். “சத்தமே இல்லையேம்மா. செத்த பெட்டி இது.”

கொடியில் காய்ந்துகொண்டிருந்த உறை சீறியது. “யாருய்யா செத்தது? மூணு நாளா என் தப்புக்கும் சேர்த்து ஓடின மனுஷன், இப்பதான் கண்ணசந்திருக்கான். சத்தம் போடாமப் போய்யா!”