யாரு நடிப்பா?

தன் வாயிலிருந்து உதிர்வதெல்லாம் முத்து என்று டைரக்டருக்கு நினைப்பு.

“நான் சொல்ற திருத்தத்தையெல்லாம் வீடியோ எடுத்துக்கோம்மா” என்றார்.

மூன்றாவது முறையாகக் கதை சொல்ல வந்திருந்தவள், போனை மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள்.

“குறும்படம் சார். ஒரே ரூம், ரெண்டே பேர். யார் கதை சொன்னாலும் முழுசா கேக்காத ஒரு டைரக்டர்...”

“ஊத்திக்கும்!”

“முடிவைக் கேளுங்க சார்...”

“எதுக்கு? முதல் வரியிலேயே எனக்குத் தெரிஞ்சிடும். இப்படி ஒரு மனுஷன் எங்கேயாவது இருப்பானா? யாரு நம்புவா? இதுல யாரு நடிப்பா? கிளம்பு, கிளம்பு!”

அவள் எழுந்து போனை எடுத்தாள்.

“கட்! முடிவு இதுதான் சார். ஒரே டேக்ல நடிச்சுக் குடுத்துட்டீங்க.”