மூக்கோடு மூக்கு

ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்ல மாட்டு டாக்டர் நியேவெஸ் எழுந்ததும், கடையில் சைடர் என்ற ஆப்பிள் மதுவை ஊற்றிக்கொண்டிருந்த கைகூட அப்படியே நின்றது.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் பாதிக்குப் பாதி மாடுகளுக்கு, மாட்டுக்கு மாடு தொற்றும் அந்த வைரஸ் இருக்கிறதாம். எங்கள் ஊரில் இரண்டே தொழுவங்களில்தான்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு பெயர்களைச் சொன்னார். ஒன்று பல்பினோவின் தொழுவம். இன்னொன்று எங்களுடையது.

இந்த நோயால் மாடு சாகாது, பாலும் கெடாது. ஆனால் நோய் உள்ள மாட்டைக் கோடையில் ஊர் மாடெல்லாம் மேயும் பொதுமலைக்கு ஏற்ற விடமாட்டார்கள். மலைப்புல் இல்லையென்றால் எங்கள் பாலாடைக்கட்டி இல்லை. எங்கள் பிழைப்பே அதுதான்.

பல்பினோ வீட்டுக்கும் எங்களுக்கும் அப்பா காலத்திலிருந்தே ஆகாது. நடுவிலிருக்கும் கல்வேலி யாருடையது என்று வழக்கு. அவனும் நானும் பேசிக்கொண்டதை ஊரில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

மூக்கோடு மூக்கு உரசினால்தான் பெரும்பாலும் ஒட்டும், இரண்டு வீட்டு மாடுகளும் எங்கே சந்தித்தன என்று நியேவெஸ் கேட்டார்.

அண்ணன் சபினோ என் பக்கம் திரும்பினான். "எல்லாம் உன் பசு செரேசா பண்ண வேலை. கட்டிப்போடு, கட்டிப்போடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். தெனம் அது தொலையும், தெனம் நீ தேடிப்போய் இருட்டினப்புறம் வருவ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பல்பினோ குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதுமடல் சிவந்திருந்தது.

கடைசியில் நியேவெஸ்தான் வழி சொன்னார். ஆற்றுக்கு அப்பால் சின்ன மலை சும்மா கிடக்கிறது. இரண்டு மந்தைகளுக்கும் இருப்பது ஒரே நோய்தான், சேர்ந்து மேய்ந்தால் ஒன்றும் குடிமுழுகாது. என்ன, அங்கே தங்க ஒரே ஒரு குடில்தான்.

பல்பினோ துள்ளி எழுந்தான். "இந்தப் பொம்பளையோட கோடை முழுக்கவா? அதுக்கு மாட்டையே வித்துடுவேன்."

நான் விடுவேனா? இவன் விடுகிற குறட்டைக்கு மாடெல்லாம் மிரண்டு பால் வற்றிவிடும் என்றேன்.

கடை சிரித்துத் தீர்த்தது. முழங்கால் வலிக்காரனான அண்ணனால் மலையேற முடியாது. அவனே என் தோளைப் பிடித்துக்கொண்டு, மானம் பார்த்தால் மாடு பட்டினி கிடக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டு வா என்று கெஞ்சினான்.

கெஞ்சிக் கெஞ்சித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தான்.

பெண்கள் பாவம், எனக்குப் பொறுமையைக் கொடுக்கச் சொல்லி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஒருத்தி மலையில் சாப்பிட உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையே கொடுத்துவிட்டாள். எனக்கிருந்த சந்தோஷத்தில் மேசைமேல் ஏறி ஆடியிருப்பேன். சிரித்துவிடக் கூடாதே என்று கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு நின்றேன்.

பல்பினோ தனிக்கட்டை. அவன் வீட்டில் இன்னொரு ஆள் கிடையாது.

அவன் குறட்டை எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.