எருமை இல்லாத வருஷம்

சீன தேசத்தில் எழுத்துகள் எல்லாம் இன்னும் படங்களாகவே இருந்த காலம். ஆற்றங்கரை வயல் ஒன்றை ஓர் எருமை உழுதுவந்தது. அறுப்பு முடிந்ததும் அதை வளர்த்த உழவன் ஆமை ஓட்டில் ஒரு படம் கீறுவான்: தினைக்கட்டைச் சுமந்து போகும் ஓர் ஆள். அந்த ஊரில் அதற்கு அறுவடை என்றும் பொருள், வருஷம் என்றும் பொருள்.

ஒருநாள் சிட்டுக்குருவி எருமையிடம் வந்தது. "அக்கா, அந்தப் படத்தைப் பார்த்தேன். தினை இருக்கு, ஆள் இருக்கான். உன்னைத்தான் காணோம்."

எருமைக்கு மனசு ஆறவில்லை. "உழுதது நான்தானே," என்றது. அடுத்த மழைக்கு உழவன் ஏர் பூட்ட வந்தபோது படுத்துக்கொண்டது, எழுந்திருக்கவே இல்லை. வயல் தரிசாகக் கிடந்தது. உழவன் காட்டுக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டினான். அந்தத் தடவை ஓட்டில் எதையும் கீறவில்லை.

குளிர் வந்தது. போன அறுப்பின்போது பிறந்த கன்று, தின்னத் தினைத்தாள் இல்லாமல் மெலிந்து, தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கேட்டது. "அம்மா, எனக்கு என்ன வயசு?"

எருமை குருவியைப் பார்த்தது.

"அறுப்பு நடந்தாத்தானே அக்கா வருஷம்," என்றது குருவி மெதுவாக. "இவளுக்கு இன்னும் வயசே ஆகலை."

மழை விழுந்த அன்றே எருமை தானாகப் போய் ஏர் அருகில் நின்றது. உழவன் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தான்.

அறுப்பு முடிந்து அவன் மறுபடியும் கீறினான். குருவி பறந்து வந்து, "இந்தத் தடவையும் நீ இல்லை அக்கா," என்றது.

எருமை புதுத் தினைத்தாளைக் கன்றின் பக்கம் தள்ளிவிட்டது. "என் மகளுக்கு ஒரு வயசு," என்றது.