தண்டவாளக் கொள்கை

"பஸ்ஸுலயா? நானா? மூட்டையையும் என்னையும் ஒண்ணா அடைச்சு அனுப்பறதுக்குப் பேரு பயணமா?" என்று முதுகுப் பையின் வாரை இழுத்து இறுக்கினான் வோல்க்மார்.

"மூட்டைகூட இப்படி அலட்டிக்காது," என்றாள் வீப்கே.

இஸ்தான்புல் வரை ஊர் சுற்றக் கிளம்பிய இருவரும் வழியில் சால்ஸ்பர்க்கில் தங்கியிருந்த விடுதியில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வோல்க்மாருக்கு அது போதும். ரயில்தான் ஐரோப்பாவின் நாகரிகம் என்று இணையத்தில் எழுதியே பேர் வாங்கியவன். நாலு பேர் பார்த்தால் குரல் தானாக ஏறிவிடும்.

"ரயில் ஜன்னல்ல மலை உன்னைத் தேடி வரும். பஸ் ஜன்னல்ல பக்கத்து லாரியோட சக்கரம்தான் வரும்!"

"எனக்கு சக்கரம் போதும்டா. சரி, ஒரு பந்தயம். இன்னிக்கு நீ ரயில்ல வா, நான் பஸ்ல வரேன். லுப்லியானாவுல பார்ப்போம். யாரு கொள்கையை விட்டாலும், இஸ்தான்புல் வரைக்கும் மத்தவங்க சொல்ற வண்டியிலதான் ஏறணும். தோத்துட்டா அதையும் உன் இணையப் பக்கத்துல எழுதணும்."

"இப்பவே எழுதறேன். 'பஸ் பிரியை திருந்தினாள்'னு தலைப்புகூட ரெடி."

அவள் சிரித்துக்கொண்டே பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனான்.

வினை நடைமேடையில் வந்தது. ரயில் பின்னால் தெரிகிற மாதிரி, வாசகர்களுக்காகத் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டான். முதல் படத்தில் தலைமுடி சரியில்லை. அடுத்ததில் பல் அதிகம். இன்னொன்றில் எவரோ ஒருவரின் காது. கடைசியாக எடுத்த படம் அற்புதமாக அமைந்தது. பின்னால் ரயில்தான் இல்லை.

அடுத்த ரயில் மாலையில். அதில் போனால் ரயிலைக் கோட்டைவிட்ட குட்டு உடைந்துவிடும். கொள்கையைப் பைக்குள் திணித்துக்கொண்டு, லுப்லியானாவுக்குப் புறப்படத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸில் தாவி ஏறினான். நல்லவேளை, வீப்கே ஏறவேண்டிய பஸ் முன்னமே போயிருந்தது.

மலைகளுக்கு நடுவே போகும்போது போன் வந்தது.

"எப்படியிருக்கு உன் ரயில்?" வீப்கே கிசுகிசுப்பாகப் பேசினாள். அவள் பஸ்ஸில் எல்லோரும் தூங்குகிறார்கள் போலும்.

"சொர்க்கம்! சாப்பாட்டுப் பெட்டியில இப்பத்தான் காபி குடிச்சேன். காலை நீட்டி உட்கார்ந்திருக்கேன்." அவன் முழங்கால் முன்சீட்டில் இடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். "தம்பி, அங்க எனக்கும் ஒரு காபி சொல்லுங்களேன்."

"யாருடா அது?"

"சர்வர்."

"ஓ. ஆமா, நீ எந்தப் பெட்டி?"

வோல்க்மாருக்குக் குப்பென்று வியர்த்தது. மோப்பம் பிடித்துவிட்டாளா? "கடைசிப் பெட்டி. ஏன்?"

"சும்மாதான். நல்ல இடம். அங்கேயே உட்காரு. எழுந்து அங்கயும் இங்கயும் அலையாதே. மறுபடியும் காபி குடிக்கப் போவியா?"

"மாட்டேன், மாட்டேன். உன் பஸ் எப்படி?"

"வசதிக்குக் குறைச்சலே இல்லை. உனக்கு முன்னாடியே வந்து, ஸ்டேஷனுக்கு எதிர்ல பஸ் நிலையத்துல நிப்பேன். நீ அவசரப்படாம, கூட்டமெல்லாம் போனப்புறம் இறங்கி வா. என்ன?"

இவளிடம் போய்ப் பொய் சொல்கிறோமே என்று அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எவ்வளவு அக்கறை!

லுப்லியானாவில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, பெரியவரின் அகன்ற முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி இறங்கினான். பஸ் நிலையம் முழுக்கக் கண்ணால் துழாவினான். வீப்கே இல்லை. முன்னமே கிளம்பியும் அவள் பஸ் இன்னும் வரவில்லை, வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது போலும்!

'இதுக்குத்தான் ரயில்ல வான்னு சொன்னேன்' என்று மனசுக்குள் சிரித்தபடி சாலையைக் கடந்து ரயில் நிலையத்துக்குள் பாய்ந்தான். அவன் விட்ட ரயில் அப்போதுதான் வந்து நின்றது. இறங்குகிற கூட்டத்தோடு கலந்து வெளியே வந்துவிட்டால் பந்தயம் கையில்.

ஆனால் கூட்டம் இறங்குவதற்கு முன்பே, முதல் பெட்டியிலிருந்து குதித்து, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, பஸ் நிலையத்தை நோக்கித் தலைதெறிக்க ஓடி வந்துகொண்டிருந்தாள் வீப்கே.