வாசிக்காத அத்தியாயம்

"இத எழுதினது ஆர், மேர்லின்?"

ஹிதாயா டீச்சர் கட்டுரையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்விட்டார்கள். ஆசிரியர் அறையில் டீச்சரும், எட்டாம் ஆண்டு மேர்லினும், டீச்சர் வரச்சொல்லியிருந்த அவளுடைய அப்பா றெஜியும்தான்.

"நான்தான் டீச்சர்."

பக்கத்துக் கதிரையில் இருந்த றெஜி சட்டைக் கொலரைச் சரிசெய்தார். எழுதியது அவர்.

வாசிப்பு மாதப் போட்டி அது. பழைய சிறுவர் நாவல் ஒன்றைக் கொடுத்து, அதன் கதைப்பின்னல், பாத்திரங்கள், உவமைகள் பற்றித் திறனாய்வு எழுதச் சொல்லியிருந்தார்கள். முதலாவதாக வருகிற பிள்ளை வலய மட்டத்துக்குப் போகும்.

றெஜி பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர். எந்தக் கூட்டம் என்றாலும் மைக்கைப் பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவரின் மகள் போன வருசம் ஆறுதல் பரிசோடு வீட்டுக்கு வந்தது அவருக்கு ஆறவேயில்லை.

இந்த முறை அவள் எழுதியதை முதலில் வாங்கிப் பார்த்தார். 'அவன் மனம் கரையில் இழுத்துப் போட்ட தோணி மாதிரிக் கிடந்தது' என்ற வரிதான் நாவலிலேயே தனக்குப் பிடித்த உவமை என்று எழுதியிருந்தாள்.

"தோணியும் ஒரு உவமையா? வாவிக் கரைக்குப் போனா எத்தினையோ கிடக்கு."

"கடைசி அத்தியாயத்த வாசிச்சா விளங்கும் அப்பா."

"எனக்குப் படிப்பிக்க வராத!"

தாளைக் கசக்கி எறிந்தார். நாவலின் முன்னுரையையும் முதல் சில பக்கங்களையும் புரட்டினார். பிறகு பேனையை எடுத்து ஒரே மூச்சில் எழுதி, மகளின் கையெழுத்தில் பிரதி பண்ண வைத்தார்.

இப்போது டீச்சரின் விரல் அதில் ஒரு வரியில் நின்றது.

"'பொய்யே அறியாத சிறுவன். வாய்மைக் கடலில் விளைந்த வெண்முத்து.' வசனம் நல்லாத்தான் இரிக்கு. ஆனா கடைசி அத்தியாயத்தில அவன் ஒரு பொய் சொல்றான். அந்தப் பொய்யிலதான் முழுக் கதையும் நிக்குது. புத்தகத்த வாசிச்ச ஒராள் இப்பிடி எழுத ஏலாது."

றெஜி சுவரில் இருந்த கால அட்டவணையைப் பார்த்தார்.

"வீட்டில ஆராவது எழுதித் தந்தாங்களா?"

"இல்ல டீச்சர்" என்றாள் மேர்லின். குரல் அசையவில்லை. "கடைசி அத்தியாயத்த வாசிக்காம நான்தான் எழுதினன். பிழைதான்."

டீச்சர் கட்டுரையைத் திருப்பி வைத்தார். பிறகு ஆறுதலாக இன்னொரு தரம் கேட்டார்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்க. உண்மையச் சொன்னா ஒருத்தரும் ஏச மாட்டாங்க. இத எழுதினது ஆர்?"

அந்த இடத்தில் றெஜி வாயைத் திறந்தார். திறந்ததும் வந்தது வேறு.

"முழுசா வாசி, வாசி எண்டு நானும் தலையால அடிச்சன் டீச்சர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்க கேக்குதுகள்?"

மேர்லின் தலை குனிந்துகொண்டாள்.

"சரி" என்று கட்டுரையை மடித்தார் டீச்சர். "அப்ப போட்டியில இருந்து பேரை எடுக்க வேண்டியதுதான்."

மோட்டார் சைக்கிள் கல்லடிப் பாலத்தை நெருங்கிவிட்டது. பின்னால் இருந்தவள் அழுதிருந்தாலாவது றெஜிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் அழவில்லை.

கடைசியில் அவராலேயே தாங்க முடியவில்லை.

"மகள், அந்தப் பொடியன் அப்பிடி என்ன பொய்தான் சொன்னவன்?"

"பக்கத்து வீட்டுக்காரர்ட தோணிய அவன்ட அப்பா கட்ட மறந்திடுவார். அது புயல்ல அடிச்சுக்கொண்டு போயிரும். ஊர்ச் சனமெல்லாம் கூடி நிண்டு ஆர் கட்டாம விட்டதெண்டு கேக்கும்."

"ம்."

"நான்தான் எண்டு சொல்லுவான்."

"ஏனாம்?"

"அவன்ட அப்பா நாலு பேருக்கு முன்னால தலை குனியக்கூடாதாம்."

றெஜி பிரேக்கைப் பிடித்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஏசிக்கொண்டு விலகிப் போனார். றெஜியின் காதில் அது விழவில்லை. முகம் பற்றி எரிந்தது. நல்ல வேளை, ஹெல்மெட் இருந்தது.

மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

ஹிதாயா டீச்சர் அதே அறையில்தான் இருந்தார். காத்தான்குடி பஸ்ஸுக்குப் போகிறவர் போல் பையைத் தோளில் போட்டிருந்தார். றெஜி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். மைக்கில் மணிக்கணக்காகப் பேசுகிற மனுசன் ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அத எழுதினது நான், டீச்சர். நாவல நான் வாசிக்கவேயில்ல. இவ முழுக்க வாசிச்சவ. இவ எழுதினதக் கசக்கி எறிஞ்சதும் நான்தான்."

"தெரியும் சேர்."

"தெரியுமா?"

"கடைசி அத்தியாயத்த மேர்லின் போன கிழமை வகுப்புக்கே சொன்னவ. கேட்டுப் பாதிப் பிள்ளைகள் அழுதுபோட்டாங்க."

றெஜி நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சுகொண்டா டீச்சர், சின்னப் பிள்ளையிட்டத் திருப்பித் திருப்பிக் கேட்டீங்க?"

"நான் பிள்ளையிட்டயா சேர் கேட்டன்?"